சிறுவரும் இல்லத்து இசை விளையாட்டும்

குழலோசையினும் யாழோசையினும் தம் மக்களின் மழலையே பெற்றோர்க்கு இனிது என்பது வள்ளுவனார் துணிபு. ஆயினும் அம்மழலை வளர்ந்து பள்ளி செல்லத் தொடங்கிய பின்னர் நம் இல்லங்களில் நிகழ்வது யாது? சில இல்லங்களிற் பிள்ளை வாரத்தில் இரு நாள் பாட்டு வகுப்பிற்கு அனுப்பப்படுகிறது, எஞ்சிய ஐந்து நாளும் "சாதகம் செய்தாயா?" என்னும் அதட்டலைக் கேட்கிறது. ஓராண்டு கழிவதற்குள் கணக்கைக் கண்டு அஞ்சுவது போலவே பாட்டைக் கண்டும் அப்பிள்ளை அஞ்சுகிறது. வேறு சில இல்லங்களில் வகுப்புமில்லை, அதட்டலுமில்லை; கைப்பேசி பாட, வீட்டார் அனைவரும் வாளா இருக்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே வேறொரு வழி உண்டென்பதையும், அவ்வழி நம் மதுரைச் சீமையார்க்குப் புதிதன்று என்பதையும் எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை யான் எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. யான் மூன்றாம் வகுப்பிற் பயிலுங்கால், கிறிஸ்து பிறப்பு விழாவிற்கெனப் பாட்டுக் கற்பித்த ஒருவர், வரிசையில் நின்ற என்னை நோக்கி, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார். விழா இனிதே நடந்தது. யானும் வாயை நன்கு அசைத்தேன். அன்று தொட்டு ஈராண்டுக் காலம் வீட்டுச் செபத்திற்கூட யான் பாடவில்லை. அதனைக் கண்டுகொண்டவர் என் அம்மாச்சி ஒருவரே. அவர் என்னைப் பாடுமாறு சொல்லவில்லை. தாம் அரிசி புடைக்கும்பொழுது என்னை எதிரே அமர்த்தி, முறத்தின் ஓசைக்கு ஒப்பக் கைதட்டுமாறு பணித்தார். தட்டத் தட்ட வாய் முணுமுணுத்தது. முணுமுணுப்பு நாளடைவிற் பாட்டாயிற்று. "கொரல் இல்லாத பிள்ளைய ஆண்டவர் படைக்கலடா" என்பது அவர் அடிக்கடி கூறும் மொழி. அவர் இசை பயின்றவரல்லர். ஆயினும் அவர் கையாண்ட முறை எத்துணைப் பழையது என்பதைத் தமிழ் நூல்களைப் பயிலத் தொடங்கிய பின்னரே யான் அறிந்தேன்.

பிள்ளைத்தமிழ் காட்டும் படிமுறை

பதினேழாம் நூற்றாண்டிற் குமரகுருபர அடிகள் பாடி, மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேற்றியதாக வழங்கும் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை நம் மாணவர் பலரும் அறிவர். பிள்ளைத்தமிழ் என்பது குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடும் பிரபந்தம். ஆண்பாற்கும் பெண்பாற்கும் முதல் ஏழு பருவங்கள் பொது; இறுதி மூன்றும் வேறு. புலவர் கருதியது இசை கற்பித்தலன்று. எனினும் அப்பருவங்களை வரிசையாக நோக்குவார்க்கு இசைப் பயிற்சியின் படிகள் அவற்றுள்ளே புலனாகும்.

செங்கீரைப் பருவத்திற் குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடுகிறது. தாலப் பருவத்தில் தாலாட்டைக் கேட்கிறது. சப்பாணிப் பருவத்தில் இரு கையும் சேர்த்துக் கொட்டுகிறது. அம்புலிப் பருவத்தில் நிலவை விளித்து அழைக்கும் குரலைக் கேட்டுத் தானும் அழைக்கக் கற்கிறது. பின்னர் ஆண்மகவு சிறுபறை முழக்குகிறது. பெண்மகவு அம்மானை ஆடுகிறது, ஊசலில் ஆடிப் பாடுகிறது. அஃதாவது, உடல் அசைவு முதலிலும், செவி அதன் பின்னும், கை அதன் பின்னும் பழகுகின்றன. குரல் இவற்றின் மீது எழுகிறது. நாமோ இவ்வரிசையைத் தலைகீழாக்கி, அசையாமல் உட்காரச் செய்து, முதல் நாளிலேயே குரலைச் சோதிக்கின்றோம்.

மேலைநாட்டு இசையாசிரியர் சிலரும் இதே முடிபிற்கு வந்துள்ளனர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த தால்குரோஸ் (1865–1950) என்பார் தாளத்தை நடையாலும் உடலசைவாலும் கற்பித்தார். ஹங்கேரி நாட்டுக் கோடாய் (1882–1967) என்பார், தாய்மொழி நாட்டுப்பாடலே சிறுவர்க்கு முதற்பாடம் ஆகற்பாலது என்றும், அவர்க்கு வாய்த்த முதற்கருவி குரலே என்றும் வற்புறுத்தினார்.

இனி, ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள பள்ளிச் சிறார் வீட்டிலே ஆடிப் பயிலத்தக்க விளையாட்டுக்கள் சிலவற்றை ஒவ்வொன்றாக விளக்குவாம்.

கேட்டல்

விளக்கேற்றும் வேளையில் பிள்ளைகள் திண்ணையிலோ மாடியிலோ அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நூறு எண்ணும் அளவும் வாய் திறவாதிருத்தல் வேண்டும். பின்னர், தாம் கேட்ட ஓசைகளை ஒவ்வொருவராகக் கூறுக. கோயில் மணி, ஆலய மணி, தொழுகை அழைப்பு, சைக்கிள் மணி, தோசைக்கல்லின் சீறல், செல்லூர்ப் பக்கமாயின் தறியோசை என மதுரையில் அவற்றிற்குக் குறைவில்லை. அடுத்த படியாக, எது உயர்ந்தது, எது தாழ்ந்தது, எது விட்டு விட்டு ஒலித்தது, எது நீண்டது என வகைப்படுத்துக. சுருதியும் தாளமும் என்னும் இரண்டனையும் பெயர் கூறாமலே பிள்ளை இதனால் உணர்ந்துகொள்ளும்.

ஊர்ப்பெயர் தட்டல்

நம் தாள முறையில் ஐந்து சாதிகள் உள. அவை மூன்றெண்ணிக்கையுடைய திச்ரம், நான்குடைய சதுச்ரம், ஐந்துடைய கண்டம், ஏழுடைய மிச்ரம், ஒன்பதுடைய சங்கீர்ணம் என்பன. இவற்றை மிருதங்கம் பயில்வோர் தகிட, தகதிமி, தகதகிட, தகிடதகதிமி, தகதிமிதகதகிட என்னும் சொற்கட்டுக்களாற் சொல்லிப் பழகுவர். சிறு பிள்ளைக்கு இப்பெயர்களும் சொற்கட்டுக்களும் மிகையாகத் தோன்றலாம். நம் ஊர்ப்பெயர்களோ அவ்வேலையை எளிதிற் செய்கின்றன.

எழுத்திற்கு ஒரு தட்டாக, "மதுரை" என்று சொல்லித் தட்டுக, மூன்றாகும். "பசுமலை" என்று தட்டுக, நான்காகும். "வைகை மதுரை" ஐந்து. "மதுரை பசுமலை" ஏழு. "பசுமலை வைகை மதுரை" ஒன்பது. ஒவ்வொரு பெயரின் முதலெழுத்தை மட்டும் உரக்கத் தட்டுதல் வேண்டும். ஒரு பிள்ளை "மதுரை" என்று இடைவிடாது தட்ட, மற்றொரு பிள்ளை அதே வேகத்திற் "பசுமலை" என்று தட்டுமாயின், இருவர் முதலெழுத்தும் பன்னிரண்டு தட்டுக்கு ஒருமுறையே ஒன்றாய் விழும். அவ்விடத்தை முதலிற் கண்டுபிடிப்போர் வென்றவராவர். கணக்கின் பொது மடங்கு ஈண்டுக் கைக்கும் செவிக்கும் புலனாகிறது. பிள்ளைகள் தத்தம் பெயரையும், சாலையில் வரும் பேருந்தின் ஊர்ப்பெயரையும் இங்ஙனம் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டால், பெரியோர் தூண்டுதல் பின்னர் வேண்டா.

மூன்று காலத்தில் நடத்தல்

புரந்தரதாசர் (1484–1564) வகுத்தனவாகக் கூறப்படும் சரளிவரிசைகளையே கருநாடக இசை பயில்வோர் இன்றும் முதற்பாடமாகக் கொள்வர். அவற்றை முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என மூன்று வேகத்திற் பாடுதல் வழக்கம். ஓர் எண்ணிக்கைக்கு முறையே ஒன்று, இரண்டு, நான்கு சுரங்கள் வரும். பிள்ளை இடறுவது பெரும்பாலும் இவ்விடத்தேதான். வேகமாகப் பாடு என்றால் அது தாளத்தையும் உடன் விரைவுபடுத்திவிடும்.

இதற்கு நடையே மருந்து. பிள்ளை தாழ்வாரத்தில் ஒரே சீராக நடக்கட்டும். முதலில் அடிக்கு ஒரு சுரம். திரும்பி வரும்பொழுது அடிக்கு இரண்டு. அடுத்த முறை அடிக்கு நான்கு. கால் விரையலாகாது என்பதொன்றே விதி. கால் விரைந்தவர் தொடங்கிய இடத்திற்கு மீளல் வேண்டும். சரளிவரிசை அறியாத பிள்ளை ச ரி க ம என்பவற்றிற்கு மாறாகத் தகதிமி என்று சொல்லி நடப்பினும் பயன் ஒன்றே. ஊஞ்சல் உள்ள வீட்டில் அதன் ஆட்டமே சீரான தாளமாகும். சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையிற் பந்தாட்டத்திற்குக் கந்துகவரியும், ஊஞ்சலுக்கு ஊசல்வரியும் அமைந்திருத்தலை ஈண்டு நினைவு கூர்க. ஆட்டத்தையும் பாட்டையும் நம் முன்னோர் பிரித்து வைத்தாரல்லர்.

சிறுபறையும் கிண்ணமும் இலைக்குழலும்

வாத்தியம் வாங்கப் பொருளில்லையே எனப் பெற்றோர் வருந்த வேண்டுவதில்லை. மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையில் உள்ள மானாமதுரையில் மட்பாண்டத் தொழிலாளர் கச்சேரிக்குரிய கடம் வனைகின்றனர். அவ்வூர் மட்பாண்டங்கள் 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் பெற்றன. கடமும் குடமும் பிறந்தது ஒரே குலத்தில். ஆதலின் வீட்டிலுள்ள மண்பானையையே பிள்ளை சிறுபறையாகக் கொள்ளலாம். வாயிலும் கழுத்திலும் வயிற்றிலும் விரலால் தட்டி, மூவிடத்து ஓசையும் வேறாதலைக் காண்க. ஊர்ப்பெயர் தட்டலில் முதலெழுத்தை வயிற்றிலும், ஏனையவற்றைக் கழுத்திலும் தட்டின், அதுவே மிருதங்கத்தின் இடந்தலைக்கும் வலந்தலைக்கும் முன்னோட்டமாகும்.

அடுத்து, ஐந்து பீங்கான் கிண்ணங்களில் வெவ்வேறளவு நீர் ஊற்றிச் சிறு மரக்குச்சியால் மெல்லத் தட்டுக. ஜலதரங்கம் இவ்வாறு தோன்றியதே. நீர் மிகுந்த கிண்ணம் தாழ்ந்த ஓசை தரும். இப்பொழுது பிள்ளையிடம் ஒரு புதிர் இடுக. ஒரே அளவான கண்ணாடிப் புட்டிகளில் அங்ஙனமே நீர் ஊற்றி, வாயின் விளிம்பில் ஊதினால் எது தாழ்ந்து ஒலிக்கும்? பெரும்பாலோர் நீர் மிகுந்த புட்டியே என்பர். ஊதிப் பார்த்தால் அது உயர்ந்து ஒலிக்கும். காரணம் யாதெனின், தட்டும்பொழுது அதிர்வது பாத்திரம். நீரின் பாரம் அவ்வதிர்வைத் தாமதப்படுத்துகிறது. ஊதும்பொழுது அதிர்வது புட்டிக்குள் உள்ள காற்று. நீர் மிகுந்தால் காற்றின் இடம் குறுகி, அதிர்வு விரைகிறது. வீணைத் தந்தியைக் குறுக்கினாற் சுருதி உயர்வதும் இவ்வினத்ததே.

பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையைச் சிறிது நசுக்கி ஊதும் பீப்பியை அறியாத சிற்றூர்ப் பிள்ளை நம் பக்கத்தில் இல்லை. நசுக்கப்பட்ட முனையின் இரு இதழ்களும் ஒன்றோடொன்று அதிர்ந்து ஒலி பிறக்கிறது. நாகசுரத்தின் சீவாளியும் இவ்வாறே தொழில் செய்கிறது. நீண்ட சுருளும் குறுஞ்சுருளும் செய்து, எவ்வோசை உயர்ந்தது எனச் சோதிக்கலாம். இவ்விளையாட்டை மட்டும் பாட்டியின் பகலுறக்க வேளையில் தவிர்த்தல் நன்று.

அம்மானைக் கேள்வி

அம்மானை என்பது காய்களை மேலே எறிந்து பிடித்துப் பாடும் மகளிர் விளையாட்டு. இலக்கியத்தில் அமைந்த அம்மானைப் பாட்டு மூவர் உரையாடல் போன்றது. ஒருத்தி ஒரு செய்தியைச் சொல்வாள். மற்றொருத்தி அதன்மேல் வினா எழுப்புவாள். மூன்றாமவள் விடை கூறி முடிப்பாள். இதனை வீட்டில் ஆடுதல் மிக எளிது. தாய், "இன்று சமையல் என்ன?" என்பதை ஏதேனும் ஒரு மெட்டிற் பாடுக. மூத்த பிள்ளை வேறொரு வினாவை அதே மெட்டிற் பாடுக. இளைய பிள்ளை விடையைப் பாடி முடிக்குக. பேசுதல் கூடாது, பாடியே உரைத்தல் வேண்டும் என்பதே விதி. பிழை என்பது இவ்விளையாட்டில் இல்லை. ஆதலின் கூச்சமுள்ள பிள்ளைக்கு இது மிகவும் ஏற்றது. கற்பனாசுரம் பாடும் வித்துவானும் மற்றவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சென்று முடிக்கும் இத்திறனையே பெரிதாக வளர்த்துக்கொள்கிறார்.

எப்பாட்டைப் பாடுவது?

இவ்வினாவிற்கு நம் மதுரைத் திருச்சபையின் வரலாறே விடை தருகிறது. அமெரிக்க மிஷனரிமார் 1834-ஆம் ஆண்டு மதுரையிற் பணி தொடங்கினர். மேனாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுக்கள் ஆலயத்தில் ஒலித்தன. ஆனால் வயலிலும் அடுக்களையிலும் மக்கள் வாயில் வந்தவை அவை அல்ல. அம்மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயர் இதனை உணர்ந்து, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) அணுகி, தமிழ் இராகத்திலும் தாளத்திலும் அமைந்த கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் வெளியிட்டார். வீட்டிற்குரிய மெட்டில் அமைந்தமையால் அவை வீட்டிற் புகுந்தன. பிற்காலத்தில், மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005-இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு அவர்கள், நாட்டுப்புற மெட்டுக்களையே வழிபாட்டிற்குக் கொணர்ந்து, அப்பணியை மேலும் ஒரு படி நடத்தினார்.

ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்; பின்னர்த் தஞ்சையில் வாழ்ந்து 1917-இற் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டவர். 1916-இல் பரோடாவில் நிகழ்ந்த இசை மாநாட்டில் தம் ஆராய்ச்சியை விளக்குதற்கு அவர் தம் குமாரத்திகளின் இசையையே துணையாகக் கொண்டார். இல்லத்திற் பயின்ற இசை எத்துணை உயரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆதலின், தாய் அறிந்த தாலாட்டும், பாட்டி அறிந்த கும்மியும், ஆலயத்திற் பாடும் கீர்த்தனையும் பிள்ளைக்கு முதற்பாட்டுக்களாகுக.

எழுவர் குரவை

இறுதியாக, யான் பெரிதும் மதிக்கும் விளையாட்டு ஒன்றைக் கூறுவேன். இது பிறந்த இடம் மதுரையின் மதிற்புறமே. சிலப்பதிகாரத்துப் பதினேழாம் காதையாகிய ஆய்ச்சியர் குரவையில், கோவலன் சிலம்பு விற்கச் சென்ற அன்று, ஆயர்பாடியிற் பால் உறையாமை முதலிய தீக்குறிகள் தோன்றுகின்றன. அத்தீங்கு நீங்கும்பொருட்டுக் கண்ணகி காணக் குரவையாட எண்ணிய மாதரி, ஏழு கன்னியரைத் தேர்ந்து, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயரையே அவர்க்கு இட்டு, வட்டமாக நிறுத்துகிறாள். அவ்வேழினுள் எது இன்றைய எச்சுரத்திற்கு நேர் என்பதில் அறிஞரிடையே வாதம் உண்டு. சிறுவர் விளையாட்டிற்கு அவ்வாதம் வேண்டா. தாரம் என்னும் பெயரை ஏற்க ஆண்பிள்ளைகள் நாணுவராதலின், ச ரி க ம ப த நி என்றே வைத்துக்கொள்ளலாம்.

எழுவர் வட்டமாக நிற்க. ஒவ்வொருவரும் தம் சுரத்தை மட்டும் பாடுக. வரிசை ச-வில் தொடங்கி நி-யில் வந்து, மேற்சட்சத்திற்காக மீண்டும் முதற்பிள்ளையையே அடையும். ஏழின் பின் எட்டாவதாக வருவது உயர்ந்து நிற்கும் முதற்சுரமே என்னும் உண்மையை வட்டம் ஒரு நொடியிற் கற்பித்துவிடுகிறது. பின்னர் இறங்கி வருக. அதன் பின், நடுவில் நிற்கும் ஒருவர் கை காட்டிய பிள்ளை தன் சுரத்தைப் பாடுக. அவர் கை போகும் வழியே ஒரு மெட்டு உருவாகும். வீட்டில் எழுவர் இல்லையெனின் ஐவர் போதும். ச ரி க ப த என்னும் ஐந்து சுரமே உடைய மோகனத்தைக் கொள்க. அக்குரவையிற் கூறப்படும் முல்லைத் தீம்பாணி மோகனமே என்பர் ஆராய்ச்சியாளர் பலர்.

சென்ற கோடை விடுமுறையில், சிற்றூர் ஒன்றின் விடுமுறை வேதாகமப் பள்ளியில் யான் இவ்விளையாட்டை ஆடச் செய்தேன். அறுவர் முன்வந்தனர். தூணருகே ஒதுங்கியிருந்த சிறுவன் ஒருவன், "எனக்குப் பாட வராதுண்ணே" என்றான். "பாட்டு வேண்டாம் தம்பி, ஓர் எழுத்துப் போதும்" என்று அவனை நி-யாக நிறுத்தினேன். இருமுறை வரிசை அவனிடம் வந்து நின்றது. அவன் வாய் திறக்கவில்லை. நி-யில் நின்ற இசை ச-வைத் தேடித் தவிக்கும் என்பதை அப்பிள்ளைகள் எவரும் கற்பிக்காமலே உணர்ந்தனர். ஒருவரும் நகைத்திலர், அவனுக்காகக் காத்திருந்தனர். மூன்றாம் முறை அவன் பாடினான். அவன் நி முழுதும் சுருதியில் நின்றது என்று யான் கூறேன். ஆனால் வட்டம் நிறைவுற்றது. வாயை மட்டும் அசை என்று எவரிடமும் சொல்லவியலாத விளையாட்டு இஃதொன்றே என அன்று எண்ணினேன்.

பெற்றோர்க்குச் சில சொல்

நாளொன்றிற்குக் கால்மணி நேரம் போதும். பிள்ளை இன்னும் கேட்கும்பொழுதே நிறுத்துக. பெரியோர் தம் சுருதிக்குப் பிள்ளையை இழுத்தலாகாது. பிள்ளையின் குரல் எளிதாக எழும் சுருதியைக் கண்டு அதனிலேயே பாடுக. கைப்பேசியை முற்றும் விலக்க வேண்டுவதில்லை. அதிற் சுருதிப்பெட்டி ஒலிக்கச் செய்து மூலையில் வைத்து, பாடுதலை நாம் செய்வோமாக. பிழை நேர்ந்துழிக் கடிதல் வேண்டா. சரியானதை மீண்டும் ஒருமுறை பாடிக் காட்டுதலே திருத்தமாகும். எல்லாவற்றிற்கும் மேலாக, பெற்றோரும் உடனிருந்து ஆடுதல் வேண்டும்.

இப்பிள்ளைகள் யாவரும் பாகவதராதல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆலயத்திலோ, களத்துமேட்டிலோ, தம் பிள்ளைகளின் தொட்டிலருகிலோ, வாய் திறந்து அஞ்சாது பாடும் மனிதராய் அவர்கள் வளர்ந்தாற் போதும். என் அம்மாச்சி இன்று இல்லை. அவர் முறம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் இவ்விடுமுறையில் தம் இல்லத்துத் தம்பி தங்கையருடன் இவ்விளையாட்டுக்களுள் ஒன்றையேனும் ஆடிப் பார்ப்பாராக!